தில்லிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? புரட்டாசி முதல் தீபாவளி வரை வார இறுதிகளை வீணாக்காமல் இருக்க

தில்லியில் மழை விலகுவதற்கும் புகை கவிவதற்கும் நடுவே கிடைப்பது ஐந்து வார இறுதி, மிஞ்சினால் ஆறு. வருடத்தில் வியர்க்காமல், இருமாமல் வெளியே சுற்றக்கூடிய நாட்களில் பாதி இவை. "சனிக்கிழமைதானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் அந்த அடுத்த வாரம் பிப்ரவரியில்தான் வரும். வேலைக்கோ படிப்புக்கோ இந்த வருடம் தில்லி வந்து இறங்கியவர்கள் வரிசையாகச் செய்ய வேண்டியவற்றைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் காலண்டர்

தென்மேற்குப் பருவமழை தில்லியிலிருந்து விலகும் சராசரித் தேதி செப்டம்பர் 25. ஒரு வாரம் முன்பின் ஆகலாம். நமக்குப் புரட்டாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அதுவரை உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்த பிசுபிசுப்பு இரண்டே நாளில் போய்விடும். பகல் வெயில் அக்டோபர் நடுவிலும் 33 டிகிரியை ஒட்டித்தான் அடிக்கும். ஆனால் விடியற்காலை 20-க்குக் கீழே இறங்கும். இந்த மெல்லிய குளிரை இங்கே 'குலாபி டண்ட்' என்பார்கள். ஐப்பசி என்றால் அடைமழை என்று பழகிய நமக்கு, ஐப்பசியில் ஒரு துளிகூட விழாத வானம் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். குடையை எடுத்து உள்ளே வையுங்கள்.

புதியவர்கள் கணக்குத் தவறும் இடம் சூரியன். செப்டம்பர் 22 வாக்கில் மாலை ஆறே காலுக்கு மேல் அஸ்தமிக்கிற சூரியன், அக்டோபர் 31-இல் ஐந்தரை தாண்டிச் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். சென்னையில் இதே காலத்தில் இருபது நிமிடம்தான் குறையும், இங்கே நாற்பது. "நாலு மணிக்குக் கிளம்பி ஒரு கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம்" என்ற திட்டம் அக்டோபர் கடைசியில் பலிக்காது.

பண்டிகைத் தேதிகளையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 2025-இல் நவராத்திரி செப்டம்பர் 22-லேயே தொடங்கிவிட்டது. 2026-இல் அக்டோபர் 11-இல் தொடங்கி 20-இல் தசரா, நவம்பர் 8-இல் தீபாவளி. பண்டிகை தள்ளிப் போகும் வருடங்களில், தசராவுக்குப் பிறகு சுற்றலாம் என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள். அதற்குள் புகை முந்திக்கொள்ளும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். நவம்பர் 5 வண்டிக்குச் செப்டம்பர் 6. அன்று தூங்கிவிட்டால் பிறகு தத்கால்தான். தத்கால் பயணத்துக்கு முந்தைய நாள், ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் இணைத்திருந்தால்தான் ஆன்லைனில் தத்கால் எடுக்க முடியும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் இணைப்பு தட்டிப்போகும். முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் போடும் நம் வழக்கத்தால் இது அடிக்கடி நடக்கிறது. ஒரு மாதம் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

2. முதல் வார இறுதி வீட்டுக்கு

சுற்றக் கிளம்புமுன் ஒரு சனிக்கிழமையைக் கூலருக்குக் கொடுங்கள். தில்லியில் டெங்கு உச்சத்தைத் தொடுவது கோடையில் அல்ல, செப்டம்பர் - அக்டோபரில். மழை நின்றதும் எல்லோரும் கூலரை அணைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரை அப்படியே விட்டுவிடுவார்கள். ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது அந்த அசையாத, தெளிந்த தண்ணீர்தான்.

கூலரின் மின்பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் இருக்கும் அடைப்பானைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடியுங்கள். மூன்று பக்கமும் இருக்கும் புல் அல்லது மரச்சுருள் திண்டுகளைக் கழற்றி எறிந்துவிடுங்கள். அடுத்த கோடைக்குப் புதிது போட்டுக்கொள்ளலாம். தொட்டியின் உள்சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்ப்பதுதான் பலரும் விடும் வேலை. கொசு முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேய்க்காமல் வைத்த தொட்டியில் அடுத்த ஏப்ரலில் தண்ணீர் ஊற்றினால் அவை பொரிக்கும். பிறகு ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மூடி வையுங்கள்.

கூலர் முடிந்ததும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சிறு தட்டு, மணிபிளான்ட் பாட்டில், பால்கனித் தொட்டிகளின் அடித்தட்டு, ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை கொட்டினால் போதும். மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். புழு கண்டால் நோட்டீஸ் கொடுப்பார்கள். வாடகைக்கு இருப்பவர், "கூலர் வீட்டுக்காரருடையது" என்று சொல்லித் தப்ப முடியாது.

காய்ச்சல் வந்துவிட்டால் "மௌசம் பதல் ரஹா ஹை" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். பருவம் மாறுகிறது, அதனால் வருகிறது என்று அர்த்தம். பாதி நேரம் உண்மைதான். மீதிப் பாதிக்கு, டெங்குவா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை, அதற்குப் பிறகு என்றால் ஐ.ஜி.எம். ஆறாம் நாள் போய் என்.எஸ்.1 மட்டும் எடுத்து, "நெகட்டிவ்" என்று நிம்மதியாகிவிடுவது வழக்கமான தவறு. டாக்டரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும், தொடாதீர்கள். காய்ச்சல் இறங்கிய அடுத்த ஓரிரு நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். அப்போது வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

அதே வாரம் படுக்கையையும் பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஃபேன் நாலில் ஓடும். மூன்று மணிக்கு அதே ஃபேன் தொண்டையைப் பிடிக்கும். தோஹர் என்கிற மெல்லிய போர்வை ஒன்று கால்மாட்டில் இருந்தால் போதும். பஞ்சு அடைத்த ரஜாய் இப்போது போர்த்த வேண்டாம், ஆனால் தைக்கக் கொடுக்க இதுவே நேரம். அக்டோபரில் நடைபாதைகளில் பஞ்சு அடிப்பவர்கள் கடை விரித்துவிடுவார்கள். ஒற்றைக் கட்டிலுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ பஞ்சு. நிரப்பும் முன் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். சிவப்பும் நீலமுமாக நூல் துணுக்கு தெரிந்தால் அது கிழிந்த துணியை அரைத்த பஞ்சு, ஒரே குளிர்காலத்தில் கட்டி தட்டிவிடும். எதிரிலேயே எடை போடச் சொல்லுங்கள், தைத்து முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.

3. பையில் எப்போதும் இருக்க வேண்டியவை

ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை, அசலாக. மெட்ரோ கார்டு: ஆகஸ்ட் 2025 முதல் கட்டணம் 11 ரூபாயிலிருந்து 64 ரூபாய் வரை. கார்டில் போனால் பத்து சதவீதம் தள்ளுபடி, ஞாயிறன்று பெரும்பாலான தூரங்களுக்குக் கட்டணமே குறைவு. வண்டி வைத்திருந்தால் பி.யூ.சி. புகைச் சான்றிதழ். பெட்ரோல் பங்கில் 150 ரூபாய்க்குள் பத்து நிமிடத்தில் கிடைப்பதை எடுக்காமல் மாட்டினால் அபராதம் 10,000 வரை போகும். அக்டோபரில் சோதனை இறுகும். தமிழ்நாட்டுப் பதிவெண் என்றால் கை காட்டி நிறுத்துவது இன்னும் சுலபம்.

4. காலை நேரம்: தோட்டங்களும் கோட்டைகளும்

செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி என்றால் காலை ஆறரைக்கு வெளியே இருங்கள். லோதி தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. ஜோர்பாக் மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். ஹுமாயூன் சமாதிக்குப் பக்கத்திலேயே சுந்தர் நர்சரி, இதற்கு டிக்கெட் உண்டு. குதுப் மினார், ஹுமாயூன் சமாதி ஒவ்வொன்றுக்கும் இந்தியர்களுக்கு 40 ரூபாய், ஆன்லைனில் 35. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். குதுப் வளாகத்தை ஒட்டியிருக்கும் மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவுக்குக் காசே கிடையாது. கூட்டமும் இல்லை. மினாரைவிட அங்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள் என்பேன்.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஏடிஸ் கடிப்பது பகலில், குறிப்பாகக் காலையிலும் அந்திக்கு முன்னும்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து நீண்ட வார இறுதி போடுபவர்கள் கவனிக்க: செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாமே திங்கள் விடுமுறை. வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தால் மிருகக்காட்சிச்சாலையும் தாஜ்மகாலும் மூடியிருக்கும். அக்ஷர்தாமில் மொபைல் அனுமதி இல்லை. கொடுத்து வைக்கும் வரிசையே ஞாயிறன்று அரை மணி பிடிக்கும்.

மிருகக்காட்சிச்சாலைக்குப் புலி பார்க்கப் போக வேண்டாம், குளத்தைப் பார்க்கப் போங்கள். வேடந்தாங்கலில் பார்த்திருப்பீர்களே, மஞ்சமூக்கு நாரை, அதே நாரைகள் மழைக்காலத்தில் தாமாக வந்து இங்கே குளத்து மரங்களில் கூடு கட்டும். அக்டோபரில் குஞ்சுகளின் சத்தம் வாசல்வரை கேட்கும். கூண்டு கிடையாது, எல்லாம் காட்டுப் பறவை. டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துக்கொண்டு திறந்தவுடன் உள்ளே போனால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

இரவு நடைக்கும் இது நல்ல காலம். அக்டோபரில் தெருவெல்லாம் ஒரு கனத்த மணம் வரும். எதிலிருந்து என்று தேடாதீர்கள், சாலையோரம் நிற்கும் ஏழிலைப்பாலை பூத்திருக்கிறது. சிலருக்கு அந்த மணம் தலைவலி. படுக்கையறை ஜன்னலை ஒட்டி அந்த மரம் இருந்தால் மூன்று வாரம் ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டியிருக்கும். காலையில் பவளமல்லி உதிர்ந்து கிடப்பதும் இதே வாரங்களில்தான். இங்கே ஹர்சிங்கார் என்பார்கள்.

5. புரட்டாசியும் நவராத்திரியும்

புரட்டாசிச் சனிக்கிழமைக்கு கோல் மார்க்கெட் பக்கம் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பாலாஜி கோயில் இருக்கிறது. ஆர்.கே. ஆசிரம் மார்க் மெட்ரோவில் இறங்கலாம். ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் முருகன் கோயில், தில்லித் தமிழ்ச் சங்கம் இரண்டும் மெட்ரோவின் மஜெந்தா வழித்தடத்தில். ஊர் நினைப்பு அதிகம் வருவது இந்த மாதத்தில்தான். நாலு தமிழ்க் குரல் காதில் விழுந்தாலே பாதி சரியாகிவிடும்.

நவராத்திரிக்கு முந்தைய பதினைந்து நாள், நம் மகாளய பட்சம், இங்கே 'ஷ்ராத்'. புது வண்டி, புது வீடு, புது நகை எதுவும் வாங்கமாட்டார்கள். பல வீட்டுக்காரர்கள் அப்போது ஒப்பந்தம் போடத் தயங்குவார்கள். வீடு மாறுவதாக இருந்தால் ஷ்ராத்தில் பேசி முடித்து, நவராத்திரி முதல் நாள் சாவி வாங்குவது சுலபமான வழி. அந்தப் பதினைந்து நாளில் வாடகை பேரம் பேச நமக்குக் கொஞ்சம் இடமும் இருக்கும்.

கொலு வைப்பவர்கள் ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியது மரப்பாச்சியும் நாலைந்து முக்கிய பொம்மைகளும் மட்டுமே. மீதிக்கு உத்தம்நகர் குயவர் குடியிருப்புக்குப் போங்கள். யானை, குதிரை, அகல் எல்லாம் செய்கிற இடத்திலேயே கிடைக்கும். நம் ஊர் மாதிரிச் சாயம் பூசியது இருக்காது, சுட்ட மண்தான். படிக்கு ட்ரங்குப் பெட்டியும் அட்டைப் பெட்டிகளும் அடுக்கி, மேலே வேட்டி விரித்தால் மூன்று படி தாராளம். அட்டைப் பெட்டிக்குள் பழைய புத்தகத்தைத் திணித்துவிடுங்கள். காலிப்பெட்டி மூன்றாம் நாள் உள்வாங்கும், மேலே இருக்கும் செட்டியார் சாய்ந்துவிடுவார். பூவுக்குக் காஜிப்பூர் மண்டி, காலை எட்டுக்குள். சாமந்தியைக் கிலோவில்தான் கொடுப்பார்கள், நாலு வீடு சேர்ந்து வாங்குங்கள். தேங்காய், கறிவேப்பிலை, வெற்றிலைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்.

மாடியிலோ கீழேயோ வீட்டுக்காரர் ஒன்பது நாளும் விரதம் இருப்பார். அசைவ வாசனை படியிறங்கினால் அடுத்த மாதம் வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். புரட்டாசி விரதக்காரர்களுக்குப் பிரச்சினையே இல்லை. விரதத்துக்கு 'குட்டு' (பக்வீட்) மாவில் பூரி செய்வார்கள். நீங்களும் செய்து பார்க்க நினைத்தால், போன வருட மிச்சத்தையோ மளிகையில் திறந்து கிடக்கும் மூட்டையையோ வாங்காதீர்கள். அந்த மாவு சீக்கிரம் கெடும். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அதைச் சாப்பிட்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். தேதி போட்ட புதுப் பாக்கெட் வாங்குங்கள்.

வீட்டில் பத்து வயதுக்குக் கீழே பெண் குழந்தை இருந்தால் அஷ்டமி அல்லது நவமி காலை ஏழு மணிக்கே மணி அடிக்கும். 'கஞ்சக்' பூஜைக்குக் கூட்டிப்போக வந்திருப்பார்கள். கால் கழுவி, கையில் சிவப்புக் கயிறு கட்டி, பூரி, கறுப்புக் கொண்டைக்கடலை, அல்வா தட்டில் வைத்து, பத்தோ இருபதோ ரூபாய் கொடுப்பார்கள். ஒன்பது வீடு இருந்தால் ஒன்பது தட்டு. "ஒரு வாய் மட்டும் சாப்பிடு, மீதியைப் பையில் வாங்கிக்கொள்" என்று சொல்லி, கையில் டப்பா கொடுத்து அனுப்புங்கள். நம் வீட்டுச் சுண்டலுக்கு அவர்களை மாலையில் கூப்பிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

ராமாயணத்தை மேடையில் நடிக்கும் ராம்லீலாவில் இரண்டு வகை. செங்கோட்டை மைதானம் மாதிரி இடங்களில் நடப்பது இலவசம். இரவு எட்டுக்கு மேல்தான் களைகட்டும், ராட்டினமும் சாட் கடையும் உண்டு. மண்டி ஹவுஸ் பக்கம் ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திரத்தில் நடப்பது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நாட்டிய நாடகம். ஹிந்தி புரியாதவர்களுக்கு இதுதான் சரி. தசராவன்று செங்கோட்டைப் பக்கம் குழந்தைகளோடு போகாதீர்கள். ராவணன் பொம்மையை எரித்து முடிந்ததும் ஒரே நேரத்தில் எல்லோரும் மெட்ரோ வாசலில் நிற்பார்கள். பேட்டையில் எரிக்கும் சின்ன ராவணன் போதும்.

அதைவிட நல்லது, தசராவுக்குப் பத்து நாள் முன்பு தாகூர் கார்டன் மெட்ரோவில் இறங்கி தித்தார்ப்பூர் போவது. ராவணன் செய்கிற இடம். மூங்கிலைப் பிளந்து வளையமாகக் கட்டி, பழைய புடவையைச் சுற்றி, மைதா பசையில் காகிதம் ஒட்டி, மீசை முறுக்கிய தலைகளை நடைபாதையில் காயப்போட்டிருப்பார்கள். விலை அடிக்கணக்கில். ஐந்தடி ராவணனைச் சிறுவர்கள் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். சாயங்காலம் நாலரைக்குப் போனால் வெளிச்சம் இருக்கும்.

சித்தரஞ்சன் பார்க் துர்கா பூஜைக்கு கிரேட்டர் கைலாஷ் அல்லது நேரு என்கிளேவ் மெட்ரோ. சப்தமி, அஷ்டமி இரவுகளில் காரை எடுத்துப் போவது வீண், நிறுத்த இடமே இராது. சஷ்டி மாலையோ சப்தமி காலையோ போனால் பந்தல் பந்தலாக நிதானமாகப் பார்க்கலாம்.

6. ஊருக்கு வெளியே ஒரு நாள்

ஆக்ரா ஒரு நாளில் முடியும். புது தில்லியிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பும் போபால் சதாப்தி எட்டு மணிக்குள் ஆக்ரா கண்டோன்மென்ட்டில் விடும். தாஜ்மகாலுக்கு 50 ரூபாய், உள்ளே சமாதிவரை போக இன்னும் 200. வெள்ளி மூடல் என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன், டிக்கெட் எடுத்தபின் இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய. பரத்பூர் கேவலாதேவ் சரணாலயத்துக்கு அக்டோபரில் போனால் நாரைக் கூடுகள் பார்க்கலாம், வெளிநாட்டு வாத்துக் கூட்டத்துக்கு டிசம்பர் ஆகும். மலைப்பக்கம் போக ஆசை இருந்தால் காந்தி ஜெயந்தி வார இறுதியை விட்டுவிடுங்கள், தில்லி மொத்தமும் அதே சாலையில் இருக்கும்.

7. புகை வருமுன்

அக்டோபர் நடுவிலிருந்து தினமும் ஏ.க்யூ.ஐ. எனும் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊர் சராசரியைப் பார்த்துப் பயனில்லை. ஆனந்த் விஹாரும் லோதி ரோடும் ஒரே ஊர் என்று காற்று ஒத்துக்கொள்ளாது. வெளிநாட்டுச் செயலிகள் அமெரிக்க அளவுகோலில் காட்டும். ஒரு கனமீட்டரில் 60 மைக்ரோகிராம் நுண்தூசி இருந்தால் நம் அளவில் 100, அவர்கள் அளவில் 150-ஐத் தாண்டும். இரண்டையும் கலந்து பார்த்துப் பீதியடையாதீர்கள்.

நம் அளவில் 200 வரை வழக்கப்படி வெளியே போகலாம், ஆஸ்துமாக்காரர்கள் தவிர. 200-க்கு மேல் ஓட்டம் வேண்டாம், நடை போதும். 300-க்கு மேல் என்95 முகக்கவசம் இல்லாமல் போக வேண்டாம். துணிக் கவசம் நுண்தூசியைத் தடுக்காது. 400-ஐத் தாண்டினால் பழைய பி.எஸ்.3 பெட்ரோல், பி.எஸ்.4 டீசல் கார்களை வெளியே எடுக்கத் தடை வரும். பி.எஸ். என்பது புகை வெளியீட்டுத் தரநிலை, உங்கள் வண்டி எது என்று ஆர்.சி. புத்தகத்தில் இப்போதே பாருங்கள்.

பலரும் பிடிவாதமாகக் காலை நடையைத் தொடர்கிறார்கள். அக்டோபர் கடைசியில் அதுதான் மோசமான நேரம். இரவில் தரை குளிர்ந்து, கனத்த காற்று புகையோடு கீழேயே தங்கிவிடும். வெயில் ஏறித் தரை சூடான பிறகே அது மேலே கலையும். நடையைப் பகல் ஒன்றிலிருந்து நாலு மணிக்குள் மாற்றுங்கள். செப்டம்பரில் காலை, நவம்பரில் மதியம், அவ்வளவுதான் சூத்திரம்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் அக்டோபர் முதல் வாரத்தில் வாங்குங்கள், தீபாவளிக்குப் பிறகு கடையில் கேட்ட மாடல் இருக்காது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு மணிக்கு 170 கனமீட்டர் சுத்தக் காற்று தரும் இயந்திரம் வேண்டும், 200 இருந்தால் நிம்மதி. பெட்டியின் விலையைக் கேட்கும் முன் மாற்று ஃபில்டரின் விலையைக் கேளுங்கள், செலவு அங்கேதான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் கரண்ட் பில் மட்டும்தான் சுத்தமாகும்.

பட்டாசு விதி ஒவ்வொரு வருடமும் நீதிமன்ற உத்தரவைப் பொறுத்தது, அந்த வருடத்து உத்தரவைப் பார்த்த பிறகு வாங்குங்கள். சிவகாசிப் பெட்டியை ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். ரயிலில் பட்டாசு எடுத்துச் செல்வது குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. அதிரசமும் தீபாவளி லேகியமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவரலாம். தீபாவளியன்று நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள், வழக்கமாக இரவு பதினொன்றுக்குக் கிளம்பும் கடைசி மெட்ரோ அன்று பத்து மணிக்கே கிளம்பிவிடும்.